அமைப்பு என்னும் கருத்தாக்கம்: பொறியியல், மொழி, சமூகம்

முன்னுரை

தமிழ் ஆய்வுரைகளில் ‘அமைப்பு’ என்னும் சொல் நிறுவனம், வடிவம், உறவொழுங்கு ஆகிய மூன்றையும் குறிக்கிறது. இதனால் ஆய்வாளர் எதனை விளக்குகிறார் என்பது பல இடங்களில் தெளிவின்றிப் போகிறது. உறுப்புகளின் தொகுப்பு அமைப்பு ஆகாது. அவற்றிடையே நிலவும் உறவே அமைப்பு என்பதைத் திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதிச் சான்றுகள்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பொறியியல்

ரமணாசிரமத்தில் 1949-இல் குடமுழுக்குக் கண்ட மாத்ருபூதேசுவரர் ஆலயம் கருங்கல்லால் ஆனது. கல் அழுத்த விசையை நன்கு தாங்கும். இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. சுமை ஏறும்போது உத்தரத்தின் அடிப்பகுதியில் இழுவிசை தோன்றும். ஆகவே கற்கட்டுமானத்தில் தூண்களிடையே அதிக இடைவெளி விட இயலாது. கூரையின் சுமை உத்தரம், தூண், அடித்தளம் வழியே நிலத்தைச் சேர்கிறது. இச்சுமைவழியே பொறியியல் கூறும் அமைப்பு. ஒரு தூணை அகற்றினால் அதன் சுமை மறைவதில்லை; அண்டை உறுப்புகளின்மேல் ஏறுகிறது.

மொழி

‘மலை’ என்னும் சொல்லில் லகரம் ழகரமானால் ‘மழை’ ஆகிறது. இங்குப் பொருளைப் பிரிப்பது ஒலிகளிடையேயான வேறுபாடு. ழகரத்தை ளகரமாக ஒலிப்போரிடமும் மலை, மழை என்னும் வேறுபாடு நிலைக்கிறது. வாழை, வாளை என்பன மட்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒலிமாற்றம் இரண்டிடத்தும் உண்டு. உறவு குலைவது ஓரிடத்தில்தான். 1916-இல் வெளிவந்த சசூரின் மொழியியல் நூல் மொழியை வேறுபாடுகளின் ஒழுங்காகக் கண்டது இதனாலேயே.

சமூகம்

ரமணாசிரமம் அமைந்துள்ள கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுடையது. ஒவ்வொரு பௌர்ணமியிலும் நடப்போர் மாறுகின்றனர்; மலையை வலப்புறம் கொண்டு நடக்கும் முறை மாறுவதில்லை. அம்முறை நடப்போரை நெறிப்படுத்துகிறது. நடப்போரே அம்முறையை நிலைநிறுத்துகின்றனர். சமூக அமைப்பு மனிதச் செயலுக்கு வழியாகவும் அதன் விளைவாகவும் உள்ளது என அந்தோணி கிடன்ஸ் விளக்குவது இவ்விருவழி உறவையே.

முடிவுரை

மூன்று துறைகளிலும் அமைப்பு என்பது உறவே. எனினும் தூண் தன் இடத்தைத் தானே தேர்வதில்லை. பேசுவோரும் நடப்போரும் விதியைப் பின்பற்றவும் மீறவும் வல்லவர்கள். சாதிப் படிநிலையைக் கட்டடம் போன்று விளக்கும் ஆய்வு, அதனை அன்றாடம் நிலைநிறுத்துவோரையும் எதிர்ப்போரையும் காணத் தவறும். ஆகவே நிறுவனத்தை ‘நிறுவனம்’ என்றும் தோற்றத்தை ‘வடிவம்’ என்றும் சுட்டி, உறவொழுங்குக்கு மட்டும் ‘அமைப்பு’ என்னும் சொல்லை வழங்குவது ஆய்வுத் தெளிவுக்குத் துணைபுரியும்.