‘நான்’ என்று எழுதிய கை யாருடையது?

தீர்ப்பும் ஒரு பிரதிதான். கறுப்பு அங்கி போட்டவர்களுக்கு மட்டுமே அது புரியும் என்கிற பயமுறுத்தலை முதலில் ஒதுக்கிவைப்போம். நான் தமிழ் படித்தவன், சட்டம் படித்தவனில்லை. ஆனால் மூலம் எது, உரை எது, பாடபேதம் எங்கே நுழைகிறது என்று பார்க்கிற பழக்கம் இங்கேயும் கைகொடுக்கிறது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கை எடுத்துக்கொள்வோம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் அவரோடு காவலர்களும் பொதுமக்களும் செத்துப்போனார்கள். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பூந்தமல்லியில் இருந்த தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே 11 அன்று உச்சநீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை. மீதி 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைத் தோழர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்: “அதே சாட்சி, அதே காகிதம். கீழே தூக்கு, மேலே விடுதலை. அதெப்படிங்க?”

மேல்முறையீடு என்பது மறுவிசாரணை அல்ல, மறுவாசிப்பு. சாட்சிகளைப் பொதுவாகத் திரும்பக் கூப்பிடுவதில்லை. கீழே பதிவானதை வைத்துக்கொண்டுதான் மேலே வாசிக்கிறார்கள். சாதாரணக் கொலை வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் விதிக்கும் தூக்கை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தாக வேண்டும், அதற்கப்புறம்தான் உச்சநீதிமன்றம். தடா இந்த நடுப்படியைப் பிடுங்கிவிட்டது. பூந்தமல்லியிலிருந்து நேரே டெல்லி. ஒரு வாசிப்பு குறைந்துபோனது.

அடுத்தது வாக்குமூலம். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. வெள்ளைக்காரனுக்கே அவன் போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை! 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. தடாவின் 15ஆம் பிரிவோ இதைத் தலைகீழாக்கியது: எஸ்.பி. அல்லது அதற்கு மேலான அதிகாரி பதிவு செய்தால் செல்லும். 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றப் பெரும்பான்மையும் இதை ஏற்றது.

முடிச்சு இங்கேதான் விழுகிறது. இந்தக் கொலை தடா சொல்லும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது 1999 தீர்ப்பு. அப்படியானால் தடா வாக்குமூலமும் விழ வேண்டும் என்றுதானே நமக்குத் தோன்றும்? விழவில்லை. மற்ற குற்றங்களையும் சேர்த்து விசாரிக்க 12ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆகவே கொலைச் சதிக்கும் அந்த வாக்குமூலம் செல்லும் என்றார்கள். ஒருவர் வாக்குமூலம் இன்னொருவருக்கு எதிரான முதன்மைச் சாட்சியமாகுமா என்பதில் நீதிபதிகளே பிரிந்தார்கள்: வாத்வா, காத்ரி ஆகும் என்றார்கள், தாமஸ் ஆகாது என்றார்.

வாக்குமூலம் தன்மையில், ‘நான்’ என்று, பேசுகிறது. எழுதுகிற கை அதிகாரியுடையது. பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகப் பேரறிவாளன் வாக்குமூலம் சொன்னது. அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார், அதை நான் எழுதாமல் விட்டேன் என்று, பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2017இல் உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் கொடுத்தார். ஏட்டில் ஒரு அடி விடுபட்டால் பாட்டின் பொருள் கெடும். இங்கே விடுபட்டது ஒரு ஆளின் கழுத்துக்கு விலை.

2014இல் தூக்கு ரத்தானது, கருணை மனுவை வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டதற்காக. 2022 மே 18 அன்று விடுதலை கிடைத்தது, அமைச்சரவைப் பரிந்துரையை ஆளுநர் தாமதித்ததற்காக. விடுபட்ட வாக்கியத்துக்காக அல்ல. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

தடா 1995இல் காலாவதியானது. அதன் வழியில் வந்த பொடா 2004இல் போனது. ஆனால் மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டு திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தில் போலீஸ் வாக்குமூலம் இன்றும் செல்லும். ஆகவே அடுத்த தீர்ப்பு கைக்கு வரும்போது, தண்டனை எத்தனை வருஷம் என்று கடைசிப் பக்கத்துக்கு ஓடாதீர்கள். வாக்குமூலம் யார் முன்னால் கொடுக்கப்பட்டது, எந்தச் சட்டத்தின் கீழ், நடுவில் எத்தனை பேர் அதை வாசித்தார்கள் என்று தேடுங்கள்.