ஈசல் என்றால் முகம் சுளிப்பதேன்?

கோடைக்கானலுக்குப் போனவர்கள் யாராவது வெறுங்கையோடு திரும்புவார்களா? பேரிக்காய், பிளம்ஸ் பழம், யூகலிப்டஸ் தைலம், குழந்தைகளுக்குச் சாக்லேட் என்று பை நிரம்பிக்கொண்டே போகும். பஸ் ஏறும் சமயத்தில் வீட்டு அம்மாளுக்கு ஞாபகம் வரும்: "அடடா, மலைத்தேன் வாங்க மறந்துவிட்டோமே!" ஓடிப்போய் ஒரு புட்டி வாங்கி வருவீர்கள். நல்ல காரியந்தான். ஆனால் கடைக்காரர் தேனுக்குப் பதிலாகத் தேனடையின் கீழ்ப் பாதியைப் பிட்டு, உள்ளே நெளியும் வெள்ளைப் புழுக்களோடு, "சாப்பிட்டுப் பாருங்கள், ருசியாயிருக்கும்" என்று நீட்டினால்?

"சீச்சீ!" என்று நீங்கள் சொல்வது இங்கே கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். கையிலிருக்கும் தேன் எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பூவில் உறிஞ்சிய மதுவைத் தேனீ தன் வயிற்றில் அதற்கென்றே உள்ள ஒரு பையில் சுமந்து வருகிறது. கூட்டுக்கு வந்ததும் கக்குகிறது. வேறொரு தேனீ அதை வாயால் வாங்கிக்கொள்கிறது. இப்படி வாய்க்கு வாய் மாறி, சிறகுகளால் விசிறி ஈரம் வற்றி, நூற்றுக்கு இருபது பங்கு தண்ணீர்கூட இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அதற்குத் தேன் என்று பெயர். பச்சையாகச் சொன்னால், பூச்சி கக்கியது! அதில்தான் நாம் மருந்து குழைக்கிறோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் விருப்பாட்சி வாழைப்பழத்தோடும் சர்க்கரையோடும் நெய்யோடும் அதுவும் சேருகிறது. வள்ளி முருகனுக்குத் தந்ததும் தேனும் தினைமாவுந்தானே?

இந்த விஷயத்தில் சமணர்களைப் பாராட்ட வேண்டும். பழனிக்கு அருகில் ஐவர் மலை இருக்கிறது. பாண்டியன் வரகுணன் காலத்தில், கி.பி. 870-ல் வெட்டிய சமணக் கல்வெட்டு அங்கே உண்டு. சமணர் அறத்தில் தேனுக்கே இடமில்லை. அது உயிர்க்கொலையில் கிடைப்பது என்பார்கள். புழுவும் வேண்டாம், தேனும் வேண்டாம் என்பது ஒழுங்கான வாதம். தேன் மட்டும் அமிர்தம், புழு மட்டும் அசிங்கம் என்னும் நாம்தான் சற்று யோசிக்க வேண்டியவர்கள்.

பழனி மலைத் தொடரில் தேனெடுப்பதில் கைதேர்ந்தவர்கள் பளியர்கள். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குடிகளைப் பற்றிய நூலில் அவர்கள் தேனெடுக்கும் முறை வருகிறது. செங்குத்தான பாறையில் கயிற்றையோ கொடியையோ பிடித்துக்கொண்டு, கையில் பந்தமும் தோளில் மூங்கில் குழாய்களுமாக ஒருவன் இறங்குவான். பந்தத்தைக் கண்டு தேனீக்கள் விலகும். அடையை அறுத்து மூங்கிலில் அடைத்துக்கொண்டு மேலே ஏறி வருவான். பிடி நழுவினால் கீழே பள்ளத்தாக்கு!

பாறையில் கட்டும் பெருந்தேனீயின் அடையில் தேன் இருப்பது மேல் மூலையில்தான். கீழே பெரும்பகுதி முட்டையும் புழுவும். தேன் வேண்டுமென்றால் அதுவும் கூடவே கைக்கு வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் தேனெடுக்கும் குடிகள் பலரிடம் அந்த இளம் புழுவை உண்ணும் வழக்கம் உண்டு. புரதமும் கொழுப்பும் நிறைந்த ஆகாரம் அது. உயிரைப் பணயம் வைத்து எடுத்ததை எறிந்துவிட்டு வருவார்களா? அவர்கள் இறக்கிக் கொடுத்த தேனை நக்கிக்கொண்டே, "புழுத் தின்கிறவர்கள்" என்று நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இந்த அருவருப்பு நாக்கில் பிறந்ததா, அந்தஸ்தில் பிறந்ததா?

நம் முன்னோருக்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. பழைய தமிழில் தேனடைக்கு 'இறால்' என்று ஒரு பெயர். கடலில் பிடிக்கிற இறாலுக்கும் இன்று அதே பெயர்தான்! பழனி, அந்நாளில் பொதினி. மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் ஊர். அந்தப் பேகனைப் பாடிய கபிலர், பாரி மறைந்த பிறகு அவனுடைய பறம்பு நாட்டின் வளத்தை எண்ணி ஏங்கும் புறநானூற்றுப் பாட்டில் எதை நினைத்துக்கொள்கிறார் தெரியுமா? புற்றிலிருந்து வரும் ஈசலையும் மோரையும் சேர்த்துச் சமைத்த புளிப்பை! அகநானூற்றிலும் ஈசல் போட்ட புளிச்சோறு வருகிறது. சுடச்சுட இருக்கும் அந்தச் சோற்றின் மேல் வெண்ணெய் உருகுகிறது. விருந்துச் சாப்பாடு ஐயா, பஞ்சத்துச் சாப்பாடு அல்ல.

அந்த ருசி தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் அற்றுப் போகவில்லை. நல்ல மழை பெய்து ஓய்ந்த பொழுதில் புற்றிலிருந்து ஈசல் புறப்படும். பக்கத்தில் விளக்கை வைத்துக் குழி தோண்டினால் வெளிச்சத்தைத் தேடி வந்து குவியும். வாரி எடுத்து வெறுஞ்சட்டியில் வறுப்பார்கள். எண்ணெய் வேண்டாம், தன் கொழுப்பிலேயே பொரியும். பிறகு முறத்தில் புடைத்துச் சிறகைப் போக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, அரிசிப் பொரியும் பொட்டுக்கடலையும் கலந்தால் முடிந்தது. ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை சக மாணவர்களிடம் இதைச் சொல்லுமா? சொல்லாது. சிரிப்பார்களே என்ற பயம்.

சிரிக்கிறவர்களுக்கு ஒரு சமாசாரம். ஒடிசாவில் மயூர்பஞ்ச் மலைமக்கள் சிவப்பெறும்பை அரைத்துச் செய்யும் காய் சட்னி 2024-ல் புவிசார் குறியீடு பெற்றது. நம் பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்த அதே மரியாதை! 2013-ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம், பூச்சிகள் 1,900-க்கு மேற்பட்ட வகைகளில் உணவாகின்றன என்று அறிக்கை வெளியிட்டது. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வகை மாவுப்புழுவை உணவாக அனுமதித்தது. 2024-ல் சிங்கப்பூர் 16 வகைப் பூச்சிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அங்கேயெல்லாம் வெட்டுக்கிளிக்கு அழகான டப்பாவும் விலைச்சீட்டும் உண்டு. டப்பாவில் வந்தால் நாகரிகம், முறத்தில் வந்தால் காட்டுமிராண்டித்தனம் என்றால் என்ன நியாயம்?

உங்களை நாளைக்கே ஈசல் வறுக்கச் சொல்லவில்லை. மரக்கறி உண்பவர்கள் பாடு வேறு. மீன் கடையில் இறாலைப் பேரம் பேசி வாங்குகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. இறாலும் நண்டும் பூச்சிகளும் கணுக்காலிகள் என்ற ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. அதனாலேயே ஒரு ஜாக்கிரதையும் வேண்டும். இறால் சாப்பிட்டால் உடம்பு தடித்து மூச்சுத் திணறுகிறவர்களுக்கு ஈசலும் அதையே செய்யக்கூடும். அவர்கள் தொடவே கூடாது. மற்றவர்களும் அளவாக ஒரு பிடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துப் புற்றானால், எவ்வளவு ஈசல் பறந்தாலும் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.