ஈரம் பட்டால் நீளும் குழாய்

மாதிரிப் பந்தயப் படகின் வயிற்றில் அமர்ந்திருக்கும் இருவீச்சு எந்திரம் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் கொள்ளளவு பெரும்பாலும் 3.5 முதல் 15 கன சென்டிமீட்டர் வரை. மெத்தனால், நைட்ரோமீத்தேன், உயவுக்கு ஆமணக்கெண்ணெய் ஆகியவை கலந்த எரிபொருளைக் குடித்து, நிமிடத்திற்கு 20,000 சுற்றுகளையும் தாண்டி அது சுழல்கிறது. அதனோடு பொருத்திய புகைக்குழாயோ எந்திரத்தைவிடப் பன்மடங்கு நீளம். நடுவில் பருத்து இருமுனையிலும் சிறுத்த வடிவம். ஓசையைச் சிறிது அடக்குவதும் அக்குழாயின் வேலைதான். ஆனால் தலையாய வேலை, எந்திரத்தின் மூச்சை ஆள்வது.

இவ்வகை எந்திரத்தின் உருளையில் வால்வுகள் இல்லை. உந்துதண்டு கீழிறங்கும்போது புகை வெளியேறும் வாய் முதலிலும், புதுக்கலவை புகும் வாய்கள் அடுத்தும் திறக்கின்றன. அது மேலேறும்போது புகுவாய்கள் முன்னே மூட, வெளிவாய் சற்றுப் பிந்தி மூடுகிறது. அந்த நொடிச் சிதறலில் எரியாத கலவை வீணாக வழிந்தோடப் பார்க்கும். வெளிவாயிலிருந்து கிளம்பும் அழுத்த அலையைக் குழாய் இங்கே பணிகொள்கிறது. விரிகூம்பை அடைந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி, உருளையில் தங்கிய பழம்புகையை இழுத்தெடுக்கிறது. கடைசியிலுள்ள குவிகூம்பில் மோதிய பகுதி அழுத்த அலையாகவே மீண்டு, வழிந்த கலவையை வாய் மூடுமுன் உள்ளே தள்ளுகிறது.

கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் பந்தயப் பிரிவை நடத்திய வால்ட்டர் காடன்தான் 1950களில் இந்த அலைநுட்பத்தைத் தேர்ந்த பொறியியலாக வளர்த்தவர். 1961இல் அவருடைய 125 கன செ.மீ. எந்திரம் 10,800 சுற்றில் 25 குதிரைத்திறன் ஈந்தது. லிட்டருக்கு 200 என்னும் எல்லையை அது தொட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்குலகுக்குத் தப்பினார்; குழாயின் கமுக்கம் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தைச் சென்றடைந்தது. அதே மாதத்தில் சிங்கப்பூர் தன் முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தை அப்பர் தாம்சன் சாலையில் நடத்தியது. 1973 வரை தொடர்ந்த அப்பந்தயங்களில் ஜப்பானிய இருவீச்சு மோட்டார் சைக்கிள்கள் இந்தக் குழாய்களோடுதான் சீறின.

அலை திரும்பும் நேரமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 24,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 2.5 மில்லிநொடி. கணக்கை எளிமையாக்க, வெளிவாய் அதில் பாதி நேரம் திறந்திருப்பதாகக் கொள்வோம். 1.25 மில்லிநொடிக்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். குழாயினுள் வளி 300 டிகிரி செல்சியஸ் என்றால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 470 மீட்டர். அப்படியாயின் குழாயின் நீளம் 29 செ.மீ. அளவில் அமையும். ஆனால் ஒலியின் வேகம் தனிவெப்பநிலையின் இருமடி மூலத்திற்கு ஏற்ப மாறும். வளி 250 டிகிரிக்குத் தணிந்தால் வேகம் நாலரை விழுக்காடு குறைகிறது. குழாய் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டுவிட்டதுபோல நடந்துகொள்கிறது. அதன் ஒத்திசைவு 24,000இலிருந்து 23,000 சுற்றுக்கும் கீழே இறங்குகிறது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் ஒலிக்கும் நாகசுரமும் இதே இயற்பியலுக்குக் கட்டுப்பட்டது: உள்ளிருக்கும் காற்று சூடேறச் சூடேறச் சுருதி உயரும்.

மோட்டார் சைக்கிளின் குழாயைக் காற்று ஓரளவு சீராகக் குளிர்விக்கும். படகிலோ திருப்பத்துக்குத் திருப்பம் நீர் தெறிக்கிறது. நேர்வழியில் காய்ந்து கொதிக்கும் குழாய், மிதவையைச் சுற்றித் திரும்பும்போது நனைந்து தணிகிறது. சிங்கப்பூரின் நீர் ஏறக்குறைய 29 டிகிரி வெதுவெதுப்பில் இருப்பதால் இத்தொல்லை இங்கே குறைவு என்று தோன்றலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 29 டிகிரி நீர் ஒரு கிராம், கொதிநிலைக்கு ஏறுவதற்கு 300 ஜூல் அளவும், ஆவியாவதற்கு 2,260 ஜூல் அளவும் குழாயிலிருந்து பறிக்கிறது. ஐரோப்பிய ஏரியின் 10 டிகிரி நீர் இதைவிட 80 ஜூல்தான் கூடுதலாகப் பறிக்கும்; வேறுபாடு 3 விழுக்காடு. குழாயைக் குளிர்விப்பது நீரின் தட்பத்தைவிட அதன் ஆவியாதலே. ஆகவே நிலநடுக்கோட்டருகே ஓடும் படகின் குழாய்க்கும் வெப்பக்காப்பு தேவை.

காப்பில்லாத குழாய் இன்னொரு தீங்கையும் விளைக்கும். அதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். குழாய் நனைந்ததால் தளர்ந்த எந்திரத்தைக் கண்டு, கலவையில் எரிபொருள் மிகுந்துவிட்டது என்று கருதிக் கார்புரேட்டர் ஊசியை இறுக்குவார்கள். அடுத்த நேர்வழியில் குழாய் காய்ந்து ஒத்திசைவு மீளும்போது, எரிபொருள் குறைந்த கலவையோடு எந்திரம் முழு விரைவில் ஓடும். உந்துதண்டின் தலை உருகுவது இப்படித்தான்.

காப்புக்குக் கண்ணாடியிழை நாடாவைச் சுற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர் உண்டு. கண்ணாடியிழை தன்னளவில் பெரிய காப்பன்று. அதன் இழைகளிடையே சிறைப்பட்ட அசையாக் காற்றே காக்கிறது. அக்காற்றின் இடத்தை நீர் பிடித்தால் நிலைமை தலைகீழாகும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். மேலும் இழைகளில் தங்கி, நின்று நிதானமாக ஆவியாகும். நனைந்த நாடாவை அணிந்த குழாய், வெறுங்குழாயைவிடக் கூடுதல் நேரம் குளிர்ந்தே கிடக்கும். ஆதலால் நாடாவின் மேல் நீர்புகாத உறை கட்டாயம் வேண்டும். ஏறத்தாழ 200 டிகிரி தாங்கும் சிலிக்கோன் உறை அதற்குத் தக்கது. அல்லது நாடாவையே விட்டுவிட்டு, குழாயைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் காற்றிடைவெளி விட்டு மெல்லிய அலுமினியக் கூடு அமைக்கலாம். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் இந்நகரில் இழைகள் எளிதில் உலர்வதில்லை என்பதால், என் தேர்வு காற்றுக்கூடே.

செய்ததன் பயனை அளந்தறிய வேண்டும். ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரின் மின்னணு உதிரிபாகக் கடைகளில் வெப்பமின் இரட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். அதைக் குழாயின் பருத்த நடுப்பகுதியில் பதித்து, உலர்ந்த ஓட்டத்திலும் நீர் தெறிக்கும் ஓட்டத்திலும் அளவெடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு சுருங்கினால் காப்பு வேலை செய்கிறது. குழாய் எவ்வளவு சூடேறியது என்பது இரண்டாம் கேள்வி. காப்பிட்ட குழாய் முன்னைவிடச் சூடாகவே இருக்கும். சூட்டில் அலை விரைந்து திரும்புவதால், ஒத்திசைவு மேலே ஏறிவிடும். எனவே குழாயை எந்திரத்தோடு பூட்டும் சிலிக்கோன் இணைப்பைத் தளர்த்தி, குழாயைச் சில மில்லிமீட்டர் வெளியே இழுத்து மீண்டும் இறுக்கிய பிறகே படகை நீரில் இறக்க வேண்டும்.