ஓய்ந்து நிற்கும் லாரி: விற்கும் முன் பார்க்க வேண்டியவை

இந்தியாவில் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி சாலை வழியாகவே நடைபெறுகிறது. அச்சாலைகளில் ஓடும் லாரிகளில் பல, ஒன்றிரண்டு வண்டிகளை மட்டுமே நம்பிப் பிழைக்கும் சிறு உரிமையாளர்களுடையவை. நம் வங்கியில் வாகனக் கடன் பெற்றோரிலும் இத்தகையோர் உண்டு. இவர்களுடைய தொழில் பருவத்தைச் சார்ந்தது. இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் சுமக்கும் லாரிக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை ஓய்வு கிடையாது. மகாராஷ்டிரத்துக் கரும்பு லாரிக்கோ, ஆலைகள் அரைவையைத் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் வேலை பிறக்கும். கோடையில் அரைவை முடிந்ததும், பல பழைய வண்டிகள் மழைக்காலம் முழுவதும் வீட்டோரத்தில் நனைந்தபடி நிற்கின்றன.

நான்கைந்து மாதங்கள் கழித்து ஏறிச் சாவியைத் திருப்பினால் ‘செல்ஃப்’ எடுப்பதில்லை. ஆலையுடன் செய்த போக்குவரத்து ஒப்பந்தம் காத்திருக்கிறது. வாங்கிய முன்பணம் செலவாகிவிட்டது. தவணை நாளும் நெருங்குகிறது. அந்தப் பதற்றத்தில் எடுக்கப்படும் முடிவே பெரும்பாலும் இழப்புக்குக் காரணமாகிறது.

கோலாப்பூர் வட்டாரத்தில் பணியாற்றியபோது நாங்கள் அறிந்த நேர்வுகள் இரண்டைக் கூறலாம். இரண்டு வண்டிகளும் பழையவை; இரண்டும் மழைக்காலம் முழுவதும் நின்றவை; சாவியைத் திருப்பியபோது இரண்டும் அசையவில்லை. முதல் வண்டியின் உரிமையாளரிடம் இன்ஜின் பிடித்துவிட்டது என்று கூறிவிட்டார்கள். பழைய இரும்பு விலைக்குக் கொடுக்கும் எண்ணத்தில், தடையில்லாச் சான்று கேட்டு அவர் வங்கிக்கு வந்தார். பிறகு ஒரு மின் பணியாளர் பார்த்தபோது, சேசிஸையும் இன்ஜினையும் இணைக்கும் எர்த் கேபிள் போல்ட்டின் அடியில் துருவேறியிருந்தது தெரிந்தது. அதைச் சுரண்டி முறுக்கியதும் வண்டி கிளம்பிற்று. இரண்டாவது வண்டியை இன்னொரு லாரியில் கயிறு கட்டி, கியரில் போட்டு இழுத்தார்கள். புகைக்குழாய் வழியே மழைநீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்ததால் கனெக்டிங் ராடு வளைந்து, இன்ஜினையே பிரிக்க நேர்ந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவ்வண்டி ஓடவில்லை. அறிகுறி ஒன்றாயிருந்தும், பார்த்த வரிசை வேறாயிருந்ததால் விளைவும் வேறாயிற்று. அவ்வரிசையை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் பாதுகாப்பு

சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியாகும். ஆகவே அதன் அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் கேபிளை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும்.

இன்ஜின் கையால் சுழல்கிறதா?

பேட்டரியைத் தொடும் முன், கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரை மாட்டி, இன்ஜினை அது வழக்கமாகச் சுழலும் திசையில் மெதுவாக இரண்டு சுற்றுச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அழுத்தம் காரணமாக இடையிடையே கனமாக இருப்பது இயல்பே. ஆனால் ஓரிடத்தில் சுவரில் முட்டியதுபோல் நின்றால் வற்புறுத்தக் கூடாது. சிலிண்டரில் நீரோ டீசலோ தேங்கியிருக்கலாம். இன்ஜெக்டர்களைக் கழற்றிய பிறகு சுழற்றினால் தேங்கிய திரவம் வெளியேறும். இந்தச் சோதனை முடியும் வரை வண்டியை இழுத்தோ தள்ளியோ கிளப்ப முயல வேண்டாம்.

முகப்பு விளக்கு சொல்லும் செய்தி

இன்ஜின் தடையின்றிச் சுழன்றால், கோளாறு பெரும்பாலும் மின்சாரப் பகுதியில்தான் இருக்கும். பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் உள்ள வண்டியில் முதலில் அது போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முகப்பு விளக்கை எரியவிட்டு, சாவியைத் திருப்பச் சொல்லிக் கவனிக்கலாம். விளக்கு மங்கி அணைந்தாலோ, ‘கடகட’வென்ற ஒலி தொடர்ந்து கேட்டாலோ, பேட்டரி வலுவிழந்திருக்கலாம் அல்லது இணைப்பு கெட்டிருக்கலாம். விளக்கு மங்காமல், ஒலியும் எழாமல் இருந்தால் சாவி சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ‘டக்’ ஒலியோடு நின்றால் சோலனாய்டின் மீதோ மோட்டாரின் மீதோ ஐயம் கொள்ளலாம்.

பேட்டரி இரண்டு, சோதனையும் இரண்டு

நம் நாட்டுக் கனரக லாரிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் தருகின்றன. இரண்டையும் சேர்த்து அளந்தால் ஒன்றின் பலவீனம் மறைந்துவிடும். ஆதலால் மல்டிமீட்டரால் தனித்தனியே அளக்க வேண்டும். முழு மின்னேற்றம் உள்ள பேட்டரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் உள்ளது. 12.0 அல்லது அதற்கும் கீழே என்றால் ஏறக்குறைய காலி. சாவியைத் திருப்பும்போது ஒவ்வொன்றும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஈய அமில பேட்டரி, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தானாகவே மின்னேற்றத்தை இழக்கும். அந்நிலையில் நீண்ட காலம் கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, மீண்டும் ஏற்றினாலும் முழுவலிமை திரும்பாது. தகடுகள் நீருக்கு மேலே தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றி, ஒவ்வொரு பேட்டரியையும் தனியே மெதுவாக மின்னேற்ற வேண்டும். ஒன்றை மாற்ற நேர்ந்தால் மற்றொன்றையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. புதியதும் பழையதும் இணைந்தால் புதியதும் விரைவில் கெடும். அவசரத்துக்கு வேறு வண்டியிலிருந்து மின்சாரம் எடுப்பதானால், அதுவும் 24 வோல்ட் வண்டியாகவே இருக்க வேண்டும்.

இணைப்புகளும் மோட்டாரும்

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவலாம். பேட்டரிக்குள் ஒரு துளியும் இறங்கக் கூடாது. துடைத்து, உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூச வேண்டும்.

விளக்கு எரிகிறதே, பிறகு இணைப்பில் என்ன குறை இருக்கும் என்று பலர் கேட்கிறார்கள். விளக்குக்குச் சில ஆம்பியர் மின்னோட்டமே போதும். செல்ஃப் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கில் தேவை. துருவேறிய எர்த் கேபிள் முன்னதைக் கடத்தும், பின்னதைக் கடத்தாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னால், அளவு அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைக் கணிசமாகத் தாண்டினால் குற்றம் எர்த் இணைப்பில்தான்.

இணைப்புகள் சரியாயிருந்தும் மோட்டார் அசையாவிட்டால், சாவி திரும்பும்போது சோலனாய்டின் சிறிய முனைக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் குறை சுவிட்சிலோ ரிலேயிலோ வயரிலோ இருக்கும். வந்தும் அசையாவிட்டால் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ், சோலனாய்டு ஆகியவற்றைப் பணிமனையில் காட்டலாம். ஸ்குரூ டிரைவரால் முனைகளைக் குறுக்கே தொட்டுக் கிளப்பும் பழக்கம் ஆபத்தானது. வண்டி கியரில் இருந்தால் அருகில் நிற்பவர்மீதே ஏறிவிடும்.

மோட்டார் சுழன்றும் இன்ஜின் கிளம்பாவிட்டால், டீசல் தடத்தில் காற்றுப் பிடித்திருக்கலாம். ஃபில்டரில் தேங்கிய நீரை வடித்து, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து நொடிகளுக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையே ஓரிரு நிமிடங்கள் மோட்டாரை ஆறவிட வேண்டும்.

கணக்கும் காகிதமும்

இச்சோதனைகளுக்கு ஒரு மல்டிமீட்டரும், சில ஸ்பேனர்களும், அரை நாள் உழைப்பும் போதும். இவற்றை முடிக்கும் முன் வண்டியை விற்கும் முடிவுக்கு வருவது சிக்கனமாகாது. கடனுள்ள வண்டியை விற்பதற்கோ உடைப்பதற்கோ, பதிவுச் சான்றிலுள்ள அடமானக் குறிப்பை நீக்கியாக வேண்டும். அதற்குப் படிவம் 35-இல் வங்கியின் ஒப்பமும் தேவை. இரும்பு விலை நிலுவைக் கடனுக்கு ஈடாகாவிட்டால், வண்டி போன பின்னும் கடன் நிற்கும்.

பழுதுநீக்கம் நீளும் என்று தெரிந்தால், தவணை தவறும் முன்பே கிளையை அணுகுமாறு கேட்டுக்கொள்கிறோம். நிலுவை 90 நாட்களைக் கடந்தால் கணக்கு செயற்படாச் சொத்தாக வகைப்படுத்தப்படும். அதற்கு முன்னர் பேசினால் வழிகளும் கூடுதலாக இருக்கும்.

வண்டி கிளம்பியதும் சாலைக்கு ஏற்றும் முன் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் தேதிகளையும் பாருங்கள். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனத்துக்குத் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காப்பீடு முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், உரிமை கோராமைக்கான தள்ளுபடியையும் இழக்க நேரிடும்.

அடுத்த ஓய்வுக் காலத்தில் வண்டியை நிறுத்தும் நாளன்றே நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள்; புகைக்குழாயின் வாயை மூடுங்கள்; ஈரம் படியாதிருக்க டீசல் தொட்டியை நிரப்புங்கள்; மாதம் ஒரு முறை பேட்டரிகளுக்கு மின்னேற்றுங்கள். பருவம் தொடங்குவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே ஒரு முறை கிளப்பிப் பார்த்துவிட்டால், கோளாறு இருந்தாலும் அதைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.