மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்

நாய்க்கு உடம்பு சரியில்லை என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார்கள்: "டாக்டரம்மா, ரெண்டு நாளா சோறு எடுக்க மாட்டேங்குது." கொஞ்சம் துருவிக் கேட்டால் அந்த இரண்டு நாள் நாலாகும், சில வீடுகளில் ஒரு வாரமே ஆகியிருக்கும். காய்ச்சலாலும் சோறு இறங்காது, குடற்புழுவாலும் இறங்காது. பக்கத்துத் தெருவில் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்திருந்தாலும் ஆண் நாய் தட்டைத் திரும்பிப் பார்க்காது. அதனால் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நான் நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துவிடுவேன்.

விருதுநகர் மாவட்டத்துக் கால்நடை மருந்தகங்களில், ஊர்க்காரர்கள் சொல்வதுபோல மாட்டாஸ்பத்திரிகளில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நாய் ரத்தத்தைப் பரிசோதிக்க வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலத்தில், ஈறின் நிறத்தை வைத்துத்தான் வைத்தியத்தை ஆரம்பிப்போம். பரிசோதனை வசதி பெருகிய பிறகும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. இதற்குப் படிப்பும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை. வீட்டில் நாய் வைத்திருக்கும் எல்லோரும் செய்யலாம்.

நாய் நன்றாக இருக்கும்போதே பார்த்துப் பழக வேண்டும். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக, வழவழப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்த இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிடும். சில நாய்களுக்கு ஈறு முழுக்கக் கறுத்தே இருக்கும். அதற்குக் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து உட்புறத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மூக்கு காய்ந்திருக்கிறது, அதனால் காய்ச்சல் என்று சொல்வார்கள். தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். நாயின் இயல்பான உடல்சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை என்பதால், தொட்டுப் பார்க்கும் நம் கைக்கு அது எப்போதும் கணகணவென்றுதான் தெரியும். காய்ச்சலை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துத்தான் அறிய முடியும்.

என் மேசைக்கு வந்த ஈறுகளில் அதிகம் பார்த்தது வெளுத்த ஈறு. நம் ஊரில் அதற்கு முதல் காரணம் உண்ணி.

உண்ணி ரத்தம் குடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது குடிக்கும் ரத்தத்தைவிட, குடிக்கும்போது உள்ளே விட்டுவிட்டுப் போகும் கிருமிதான் ஆபத்து. சாத்தூர்ப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி தன் லாப்ரடாரைக் கொண்டுவந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "எங்கயோ செவுத்துல முட்டிருக்கும் டாக்டரம்மா" என்றார். உதட்டைத் தூக்கினேன், ஈறு சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்திருந்தது, நடுநடுவே ஊசிமுனையளவு சிவப்புப் புள்ளிகள். காது மடலுக்குள் உண்ணிகள் வரிசைகட்டி உட்கார்ந்திருந்தன. எர்லிக்கியா என்ற நோய் அது. அந்தக் கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். தட்டணு குறைந்தால் அடிபடாமலே மூக்கில் ரத்தம் வரும். டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு இது நன்றாகவே கட்டுப்படும். ஆனால் நாலு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் எழுந்து பிஸ்கட் தின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சில மாதம் கழித்து அதே நாய் இன்னும் மோசமாக வரும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அதனால் சோற்றோடு கொடுக்க வேண்டும். பாலில் கரைத்துக் கொடுக்காதீர்கள், மருந்து சரியாகச் சேராது. பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. கொடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்பேன்.

உண்ணியால் வரும் இன்னொரு நோய் பபேசியா. இந்தக் கிருமி சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து அதை உடைக்கும். சிறுநீர் காபி நிறத்தில் போகும். இதற்கு மருந்து வேறு. இரண்டிலும் காய்ச்சல், இரண்டிலும் சோம்பல், இரண்டிலும் வெளுத்த ஈறு என்பதால், பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து மருந்து வாங்கக் கூடாது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தாலே பல சமயம் விடை கிடைத்துவிடும்.

வாரம் தவறாமல் ஷாம்பூ போட்டும் உண்ணி போகவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள், நாயை மட்டும் பார்க்கிறார்கள், வீட்டைப் பார்ப்பதில்லை. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ கட்டில் மூட்டிலோ கதவு நிலையின் இடுக்கிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் மேல் இருப்பதைவிட வீட்டுக்குள் ஒளிந்திருப்பதுதான் அதிகம். நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள். படுக்கைத் துணியை வெந்நீரில் போட்டெடுங்கள். கழுத்தில் விடும் சொட்டு மருந்து, மெல்லக் கொடுக்கும் மாத்திரை, பட்டை என்று இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. எடைக்குத் தகுந்த அளவை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

மண்ணெண்ணெய் தேய்ப்பதும், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவதும் இன்னும் நடக்கிறது. உண்ணி சாகும், கூடவே நாயும் எச்சில் ஒழுகி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்துச் சாகும். அப்படி வந்ததில் சிலவற்றை அட்ரோபின் போட்டுக் காப்பாற்றினோம், பலவற்றை முடியவில்லை. இதைப் படிக்கும் யாராவது அந்த டப்பாவை எடுக்கப் போனால் தயவுசெய்து கீழே வையுங்கள்.

குட்டிகளின் ஈறு வெளுத்தால் கொக்கிப்புழுவைச் சந்தேகிப்பேன். தாய்ப்பால் வழியாகவே அது குட்டிக்கு வந்துவிடும். வயிறு உப்பிய குட்டியைப் பார்த்து "கொழுகொழுன்னு இருக்கு" என்று கொஞ்சுவார்கள். உள்ளே முழுக்கப் புழு. இரண்டாம் வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்கி, மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் கொடுக்க வேண்டும். ஈறு வெளுக்க நம் அடுப்படியும் ஒரு காரணம். வெங்காயம் நாயின் சிவப்பணுவை உடைக்கும், பூண்டும் அப்படித்தான். ஒருநாள் சாம்பார் சாதம் பட்டால் உடனே ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் தினமும் சின்ன வெங்காயச் சாம்பாரும் மிச்ச பிரியாணியும் என்று வளர்கிற நாய்க்கு அது சேர்ந்துகொண்டே போகும்.

மஞ்சள் ஈறு பார்த்தால் நான் முதலில் கையுறையைத் தேடுவேன். மழைக்காலத்தில், எலி நடமாடும் குடோன் பக்கத்து வீடுகளில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். அந்த நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும். கையில் கீறல் இருக்கிறவர்கள் அதை வெறுங்கையால் அள்ளிக் கழுவக் கூடாது. ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இதற்கான மருந்தும் சேர்ந்தே இருக்கிறது.

கத்திரி வெயிலில் செங்கல் நிறத்தில் ஈறு வந்தால் கேள்வியே வேண்டாம், வெயில் அடித்திருக்கிறது. நாய்க்கு உள்ளங்காலில்தான் வியர்வை. சூட்டை வாய் வழியாக மூச்சிரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். மூக்கு சப்பையான பக் நாயால் அதுவும் சரியாக முடியாது. விருதுநகர் வெயிலில், மொட்டைமாடியில் பக் நாயைக் கட்டிப்போடுகிறவர்களை என்னவென்று சொல்வது? நாய் துவண்டு விழுந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவைக்காதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும்.

ஈறு நிறம் மாறாமல், தொட்டால் பிசுக்கென்று ஒட்டினால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. குட்டியாக இருந்து, வாந்தியும் நாற்றமெடுத்த ரத்தக் கழிச்சலும் சேர்ந்தால் பார்வோ வைரஸ்தான் பெரும்பாலும். 1978 வாக்கில்தான் உலகம் முதன்முதலாக இந்த நோயைக் கண்டது. இன்று தடுப்பூசி போடாத குட்டிகளை அதிகம் கொண்டுபோவது இதுதான். கிருமியைக் கொல்லும் மருந்து கையில் இல்லாததால் டிரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, வேறு கிருமி தொற்றாமல் இருக்க மருந்து என்று குட்டியைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியம். ஆறிலிருந்து எட்டாவது வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறாவது வாரம் வரை. "ஒரு ஊசி போட்டாச்சே" என்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சில குட்டிகளில் முதல் ஊசியை வேலை செய்யவிடாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரு குட்டி இதில் போய்விட்டால் அதே முற்றத்தில் அடுத்த மாதமே இன்னொன்றை இறக்காதீர்கள். மண்ணில் அந்த வைரஸ் பல மாதம் இருக்கும்.

சேற்று நிறத்தில் பழுப்பேறிய ஈறு அபூர்வம். பார்த்தபோதெல்லாம் கேட்ட கேள்வி, "வீட்டிலிருந்து என்ன மாத்திரை கொடுத்தீங்க?" பாரசிட்டமால் நாயின் ரத்தத்தையும் ஈரலையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் அடிக்கும். அரை மாத்திரைதானே என்று நினைக்க வேண்டாம்.

ஈறு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. சொறி, காதில் சீழ், கருத்தடை செய்யாத பெட்டைக்குப் பருவம் முடிந்த ஓரிரு மாதத்தில் கருப்பையில் வரும் சீழ் ஆகியவற்றுக்கு ஈறு முதலில் நன்றாகவே இருக்கும். பெட்டை நாய் திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, சோறு எடுக்காமல் படுத்தால் அன்றைக்கே ஸ்கேன் பார்த்துவிடுங்கள். அது அறுவை செய்ய வேண்டிய நோய்.

உதட்டைத் தூக்கவே கூடாத ஒரு சமயமும் உண்டு. தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குரல் மாறிய நாயைப் பார்த்ததும் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுகிறார்கள். வெறிநோயின் ஒரு வகை இப்படித்தான் இருக்கும். கடிக்கவும் செய்யாது, குரைக்கவும் செய்யாது. அந்த நாயைத் தொடாமல் தனியே அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். கையில் எச்சில் பட்டிருந்தாலோ, கடித்திருந்தாலோ, நகம் கீறியிருந்தாலோ, அது உங்கள் செல்லக் குட்டியாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய்க்கு மூன்று மாத வயதில் போடத் தொடங்கி, ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். மனிதருக்கான ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். அறிகுறி தொடங்கிய பிறகு நாயையும் காப்பாற்ற முடியாது, மனிதரையும் காப்பாற்ற முடியாது.