மலையேறும் பழைய கருவியின் கணக்கு

போடிநாயக்கனூரின் உயரம் சுமார் 350 மீட்டர். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தொட்டால் ஏறக்குறைய 1,400. பழைய மருத்துவக் கருவியை வாங்கி ஏலத்தோட்டப் பக்கத்துக் கிளினிக்குகளுக்கு விற்க நினைப்பவர், விலையைப் பேசுமுன் இந்த ஆயிரம் மீட்டரைக் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆட்டோகிளேவைப் பார்ப்போம். கடல்மட்டத்தில் கேஜ் 15 பவுண்டு காட்டினால் உள்ளே நீராவி 121 டிகிரி. அந்தச் சூட்டில் 15 நிமிடம் வைத்தால் கத்தரியும் இடுக்கியும் கிருமி நீங்கி வெளியே வரும். கேஜ் காட்டுவதோ வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. போடிமெட்டில் வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 15 சதவீதம் குறைவு. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே அதே 15 பவுண்டு தருவது ஏறத்தாழ 118.5 டிகிரிதான். இரண்டரை டிகிரிதானே என்று விடக்கூடாது. சூடு 10 டிகிரி குறைந்தால் கிருமி சாகப் பத்து மடங்கு நேரம் பிடிக்கும் என்பது இத்துறையின் பொதுக் கணக்கு. அதன்படி 15 நிமிட வேலைக்கு 27 நிமிடம் தேவை. இல்லையென்றால் அழுத்தத்தை 17.3 பவுண்டுக்கு ஏற்ற வேண்டும். சேஃப்டி வால்வு 16-லேயே சீறுகிறதா? தகட்டில் பொறித்த வேலை அழுத்தம் 17.3-க்குக் குறைவா? அப்படியானால் அந்தக் கருவியை மலைக்கு விற்காதீர்கள். வால்வை இறுக்கிச் சமாளிக்கலாம் என்பவரிடம் வாங்கவே வேண்டாம், அது வெடிக்கும் பாத்திரம். ஆறியிருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, கேஸ்கெட்டில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள். நிறம் மாறும் டேப் சூடுபட்டதைத்தான் சொல்லும். கிருமி செத்ததா என்பதற்கு ஸ்போர் சோதனை வேண்டும்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் அடுத்தது. 2021 கொரோனா அலையில் வாங்கிக் குவித்தவை இவை. அன்று விலைமேல் வைத்த லாபம் 198 சதவீதம் வரை போக, ஜூனில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதை 70 சதவீதத்துக்குள் கட்டியது. இன்று பார்க்க வேண்டியது மணிக்கணக்கு மீட்டரை. ஓராண்டு இடைவிடாது ஓடினால் 8,760 மணி. அதைவிட முக்கியம் தூய்மை: 5 லிட்டர் ஓட்டத்தில் 90 முதல் 96 சதவீதம் ஆக்சிஜன் வர வேண்டும். அரை மணி நேரமாவது ஓடவிட்டு, அனலைசர் வைத்து அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே நைட்ரஜனைப் பிடிக்கும் ஜியோலைட் மணிகளுக்கு ஈரம் எமன். மழைமாதங்களில் மூலையில் சும்மா கிடந்த கருவி, மீட்டரில் 200 மணி காட்டினாலும் 80 சதவீதத்துக்கு இறங்கியிருக்கக்கூடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 15,000-க்கு வாங்கி 22,000-க்கு விற்பதாக வைப்போம். ஜியோலைட் பெட்டி மாற்ற 5,000, பில்டரும் வண்டி வாடகையும் 1,200. இடைவெளி 7,000-இல் மிச்சம் 800. உள்ளீட்டு வரி எடுக்காத பழைய சரக்கு வியாபாரிக்கு ஜிஎஸ்டி விதி 32(5)-இன்படி அந்த இடைவெளிக்கு மட்டுமே வரி. 5 சதவீதமென்றால் 350. கையில் நிற்பது 450. அளக்காமல் வாங்கியவரின் லாபம் இதுதான். கேரள எல்லை தாண்டும் சரக்கு 50,000-க்கு மேலென்றால் இ-வே பில்லும் வேண்டும்.

ஸ்கேன் மெஷினில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 1986-இல் பெண்சிசுக் கொலைச் செய்தியால் நாடறிந்த உசிலம்பட்டி, போடியிலிருந்து மதுரை போகும் வழியில்தான் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுக் கருப்பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி பதிவில்லாத இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் கருவி விற்கவே கூடாது. பதிவு 5 ஆண்டுக்குத்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். பாலினம் பார்க்க மாட்டேன் என்று வாங்குபவர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். விற்றவரோ 3 மாதத்துக்கொரு முறை அரசுக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். நல்ல விலை கிடைக்கிறதென்று இதைத் தாண்டுபவரை நான் வியாபாரி என்று சொல்ல மாட்டேன்.

எக்ஸ்ரே கருவி மின்சாரம் இல்லாமல் கதிர் வீசாது. ஆனாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இலோரா (eLORA) இணையதளத்தில் பதிவு மாறாமல் அது கைமாறக்கூடாது. கோபால்ட் உள்ள கருவி வேறு ரகம். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-இலிருந்து சும்மா கிடந்த காமா கதிர்க் கருவி 2010-இல் ஏலத்தில் போய், மாயாபுரி காயலான் கடையில் பிரிக்கப்பட்டது. கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. 25 ஆண்டில் எஞ்சியிருந்தது 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்த மிச்சமே ஒருவர் உயிரைக் குடித்தது.