பனி இல்லாத ஊரின் விறகு வண்டி

பனி விழும் நாடுகளில் விறகு கொண்டுவரக் குதிரைக்குப் பின்னால் சறுக்கு வண்டி பூட்டுவார்கள். சக்கரம் கிடையாது, இரண்டு நீளக் கட்டைகள் பனிமேல் வழுக்கிப் போகும். சேலம், நாமக்கல் பக்கத்துச் செம்மண்ணில் அதை இழுக்கவிட்டால் மாடு பத்தடியில் நுரை தள்ளிவிடும். சக்கரமில்லாத இழுவை இங்கே எடுபடுவது நெல்வயலில், பரம்புப் பலகையாகத்தான். அங்கே பனியின் வேலையைச் சேறு பார்த்துக்கொள்கிறது.

விறகுக்குக் கட்டை வண்டிதான். சக்கரம் உராய்வை ஒழித்துவிடுவதில்லை. தரையில் நடக்க வேண்டிய உரசலை அச்சுக்கு மாற்றிவிடுகிறது. 5 அடி விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 15½ அடிக்கு மேல் நகரும். அச்சு 2 அங்குல கனம் என்றால், அதற்குள் அச்சில் உரசுவது அரையடிக்குச் சற்றே கூடுதல். அதையும் குறைக்கத்தான் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்டார்கள். ஆமணக்குக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

சக்கரத்தின் நடுவே குடம், அதில் அறைந்த ஆரக்கால்கள், அவற்றின் நுனியைக் கவ்விய வட்டைத் துண்டுகள். மரம் பெரும்பாலும் கருவேலம். இத்தனை துண்டும் பிரியாமல் நிற்பது மேலே ஏறும் இரும்புப் பட்டாவால். என்னைக் கேட்டால் வண்டியின் பாதி சூட்சுமம் அதில்தான். பட்டாவைச் சக்கரத்தைவிட வேண்டுமென்றே சற்றுச் சிறிதாக அடிப்பார்கள். 5 அடிச் சக்கரத்துக்கான பட்டாவை 500 டிகிரி சூடேற்றினால் சுற்றளவு ஏறக்குறைய 3 செ.மீ. கூடும். எருமுட்டை அடுக்கித் தீ மூட்டி, இரும்பு மங்கலாகச் சிவந்ததும் குறடால் தூக்கி, படுக்கப்போட்ட சக்கரத்தில் இறக்கித் தட்டுவார்கள். மரம் கருகிப் புகையும்; உடனே தண்ணீர். இரும்பு சுருங்கச் சுருங்க மூட்டுகள் நறநறவென்று இறுகும். அளவு குறைந்துபோனால் ஆரக்கால் வளைந்துவிடும். கூடிப்போனால் பட்டா நடுவழியில் கழன்று ஓடும். கோடையில் மரம் வற்றிப் பட்டா தளர்ந்தால், சக்கரத்தை நீரில் ஊறப்போடுவதுதான் கைவைத்தியம்.

பாரம் ஏற்றுவதிலும் பதம் உண்டு. பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்தில் புண். அதனால் கனத்த அடிக்கட்டைகளை அச்சுக்கு நேராகப் போட்டு, சுள்ளியை முன்னும் பின்னும் பரப்புவார்கள். முன்பாரம் கொஞ்சம் இருக்கலாம். மேடு ஏறும்போது பாரம் தானாகப் பின்னுக்குச் சாய்ந்துவிடும்.